குட்டி பிறந்த செய்திக்குப் பிறகு

உயிரியல் பூங்காவில் ஒரு குட்டி பிறந்தால் நாளிதழில் படத்தோடு செய்தி வரும். தாயும் குட்டியும் நலம், பெயர் சூட்டப்போவது இன்னார், பார்வையாளர்களுக்கு அனுமதி சில வாரங்களில். அதோடு செய்தி முடிந்துவிடும். தகப்பன் எது, அந்தத் தகப்பனைப் பெற்றது எங்கிருந்து வந்தது, குட்டி வளர்ந்தபின் எங்கே போகும், அதற்கு இணை எந்த ஊரில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உயிரினப் பாதுகாப்புக்காக இனப்பெருக்கம் செய்கிறோம் என்று பூங்காக்கள் சொல்லும் வேலையோ பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. பிறப்பு அதில் ஒரு சிறு பகுதி. சில இனங்களில் அதுவே தலைவலியின் தொடக்கம்.

அமெரிக்கப் பூங்காக்கள் 1980களில் ஆசியச் சிங்கத்துக்கென்று ஒரு கூட்டு இனப்பெருக்கத் திட்டத்தை நடத்தின. உலகிலேயே கிர் காட்டில் மட்டும் எஞ்சியிருந்த அந்தச் சிங்கத்துக்குக் கடல் கடந்து ஒரு காப்புக் கூட்டம் வேண்டும் என்பது நோக்கம். சிங்கம் எளிதில் ஈனும் விலங்கு. எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. 1987இல் மரபியலாளர் ஸ்டீபன் ஓ'பிரையனும் உடன் பணியாற்றியவர்களும் அந்தச் சிங்கங்களின் ரத்தத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தக் கூட்டமும் ஐந்தே மூல விலங்குகளிலிருந்து வந்தது. அந்த ஐந்தில் இரண்டு, ஆப்பிரிக்கச் சிங்கங்கள் அல்லது அவற்றின் கலப்பு. ஆண்டுக்கணக்கில் பிறந்து, கொண்டாடப்பட்டு, ஊர் ஊராக அனுப்பப்பட்ட குட்டிகளால் அவற்றைப் பிறப்பித்த நோக்கத்துக்குப் பயன் இல்லை என்றாயிற்று. திட்டம் கைவிடப்பட்டது.

அதே தவறு நம் நாட்டிலும் நடந்தது. பஞ்சாபின் சத்பீர் பூங்காவில் ஆசியச் சிங்கங்களோடு சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்க வழிச் சிங்கங்கள் சேர்ந்து பெருகின. கலப்பும் நெருங்கிய உறவுச் சேர்க்கையுமாக வளர்ந்த அந்தக் கூட்டம் நோய்க்கு எளிதில் பலியானது. கடைசியில் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்து, இருப்பவை ஆயுள் முடியும்வரை வாழட்டும் என்று விட்டுவிட நேர்ந்தது. இரண்டு இடங்களிலும் குட்டிகளுக்குக் குறைவில்லை. இல்லாமற்போனது நம்பத் தகுந்த ஒரு வம்சாவளிப் பதிவேடு.

பூங்காக்களுக்கு விலங்குகள் எப்படி வந்து சேர்ந்தன என்ற வரலாற்றைப் பார்த்தால் பதிவேடு ஏன் இல்லாமற்போனது என்பது புரிந்துவிடும். சென்னையில் 1855இல் அரசு அருங்காட்சியகத்தின் வளாகத்திலேயே விலங்குகளை வைத்துக் காட்சிசாலை தொடங்கினார் எட்வர்ட் பால்ஃபர். உயிருள்ள விலங்கு ஒன்று இருந்தால் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் சேர்கிறது என்று கண்டுகொண்டவர் அவர். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்து, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நவாப் கொடுத்ததும் ஜமீன்தார் கொடுத்ததும் வேட்டையில் தாயை இழந்து பிடிபட்டதும் ஒரே முற்றத்தில் நின்ற காலம் அது. எந்தக் காட்டில் பிடித்தது என்று எழுதிவைக்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை.

ஐரோப்பாவில் அதே காலத்தில் இது பெரும் வணிகம். ஹாம்பர்க் நகரின் கார்ல் ஹாகன்பெக், கம்பி இல்லாத திறந்தவெளிப் பூங்காவை 1907இல் ஸ்டெல்லிங்கனில் அமைத்தவர் என்று புகழப்படுபவர். அவருடைய முதல் தொழில் விலங்கு வியாபாரம். யானைக்கன்றோ காண்டாமிருகக் கன்றோ வேண்டுமென்றால் காத்துநிற்கும் பெரிய விலங்குகளைச் சுட்டுவிட்டுக் கன்றைப் பிடிப்பதே வழக்கமான முறையாக இருந்தது. பிடிபட்டவற்றில் கணிசமானவை கப்பல் ஏறுமுன்பே செத்தன. ஒரு கன்று பார்வையாளர் முன் நிற்பதற்கு எத்தனை உயிர் விலை என்று கணக்குப் பார்க்காத காலம்.

இன்று அந்த வாசல் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் உயிரியல் பூங்காக்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டு, 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. அதன் அங்கீகாரம் இல்லாமல் பூங்கா நடத்த முடியாது. பட்டியலிடப்பட்ட விலங்கை அதன் முன் அனுமதி இல்லாமல் வாங்கவோ கொடுக்கவோ முடியாது. ஆகவே இன்றைய பூங்காவுக்கு விலங்கு வரும் வழிகள் சில மட்டுமே. வேறொரு பூங்காவில் பிறந்தது வரும். கிணற்றில் விழுந்ததோ ஊருக்குள் வந்து பிடிபட்டுக் காட்டுக்குத் திரும்ப முடியாததோ வரும். கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்தது வரும். 1998இல் புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தத் தடை வந்து, 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தபோது நூற்றுக்கணக்கான சர்க்கஸ் விலங்குகள் மீட்பு மையங்களுக்கு வந்தன. வண்டலூரும் அவற்றில் ஒன்று. பூர்வீகம் தெரியாத அந்த விலங்குகளை இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்பது நிபந்தனை. சத்பீரில் கற்ற பாடம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பூங்காக்களுக்கிடையே பணம் அதிகம் புரள்வதில்லை. பண்டமாற்றுதான். இங்கே மிகுந்திருக்கும் விலங்கைக் கொடுத்து அங்கே மிகுந்திருப்பதை வாங்குவார்கள். வெளிநாடுகளில் இனப்பெருக்கக் கடன் என்றொரு ஏற்பாடும் உண்டு: விலங்கின் உரிமை ஓரிடம், இருப்பிடம் வேறிடம், பிறக்கும் குட்டிகளில் யாருக்கு எது என்று முன்பே எழுதிக்கொள்வார்கள். பண்டமாற்று என்று வந்துவிட்டால் எதற்கு மதிப்பு அதிகம் என்ற கேள்வியும் கூடவே வரும். இந்தியப் பூங்காக்களில் நீண்டகாலம் மதிப்பு மிகுந்த நாணயமாக இருந்தது வெள்ளைப் புலி.

அதன் கதையைச் சொல்லாமல் உறவுச் சேர்க்கையைப் பற்றிப் பேச முடியாது. 1951இல் ரேவா மன்னர் மார்த்தாண்ட சிங் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்து மோகன் என்று பெயரிட்டார். சாதாரண நிறமுள்ள பேகம் என்ற புலியோடு சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் சாதாரண நிறம். பிறகு அந்தக் குட்டிகளில் ஒன்றான ராதாவை அதன் தகப்பனான மோகனோடே சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அவற்றில் மோகினி 1960இல் வாஷிங்டன் போனது. உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றின் வேர் மோகனில் போய் முடிகிறது. அந்த நிறத்தைக் காப்பாற்றவே தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவில் சேர்த்தார்கள். மாறுகண் முதலான பல குறைகள் கூடவே வந்தன. வெள்ளைப் புலி தனி இனமல்ல, தனி உட்பிரிவும் அல்ல. ஒரு மரபணு மாற்றத்தின் விளைவு. அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம் 2011இல் இப்படி நிறத்துக்காக இனப்பெருக்கம் செய்வதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்தது. வெள்ளைப் புலியைப் பாதுகாப்பின் பெயரில் காட்டும் பலகை எங்கேனும் இருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை. அது வாயில் சீட்டு விற்கும் விலங்கு, அவ்வளவுதான்.

தகப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டியின் மரபணுக்களில் சராசரியாக நாலில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்த நகலாக அமையும். தாய்மாமன் சேர்க்கையில் அது எட்டில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. மாமன் மகளுக்கு முறை கொண்டாடும் நமக்கு இந்தப் பின்னங்கள் சற்று உறுத்தலாம்; மருத்துவர்கள் அதை வேறு இடத்தில் நமக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விலங்குகளில் இதன் விலையை 1979இல் கேத்தரின் ரால்ஸும் உடன் ஆய்வாளர்களும் வாஷிங்டன் தேசியப் பூங்காவின் பழைய பதிவேடுகளைப் புரட்டிக் காட்டினார்கள். குளம்புள்ள விலங்குகளில் 16 இனங்களை எடுத்துக்கொண்டார்கள். 15இல், உறவுச் சேர்க்கையில் பிறந்த கன்றுகள் மற்றவற்றைவிடக் கூடுதலாக இளமையிலேயே இறந்திருந்தன. அதுவரை கன்று செத்தால் குளிர் என்றும் தீவனம் என்றும் காரணம் சொல்லிக்கொண்டிருந்த பூங்காக்கள் வம்சாவளியைப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஐந்தே மூல விலங்குகள் என்றால் மரபு வளம் அடியோடு போய்விட்டது என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஐந்து விலங்குகளில், காட்டிலிருந்த கூட்டத்தின் மரபு வேறுபாட்டில் சராசரியாகப் பத்தில் ஒன்பது பங்கு இருக்கும். இருபது விலங்குகள் கிடைத்தால் 97.5 சதவீதம். அரிதான மரபணுக்கள் மட்டும் நழுவிப்போகும். உண்மையான இழப்பு அதற்குப் பின்னால் நடக்கிறது. கூட்டம் சிறிதாகவே இருந்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கரையும். ஒரே ஓர் ஆண் எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பனானால் இன்னும் வேகமாகக் கரையும். ஐரோப்பியக் காட்டெருது இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எல்லாம் 12 விலங்குகளின் வாரிசுகள். காட்டு விலங்கு ஒன்றுக்கு முதன்முதலாக வம்சாவளிப் பதிவேடு எழுதப்பட்டதும் அதற்குத்தான்.

ஆகவே பதிவேட்டைப் பராமரிப்பவரின் முதல் வேலை, நன்றாக ஈனும் விலங்கை நிறுத்துவது. இது பூங்கா நிர்வாகிகளுக்கு எளிதில் செரிப்பதில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் மற்ற எல்லாவற்றோடும் சராசரியாக எவ்வளவு உறவு இருக்கிறது என்று கணிப்பார்கள். எதற்கு உறவினர் குறைவோ அதற்கே முன்னுரிமை. பத்துக் குட்டி போட்ட கம்பீரமான ஆண் பட்டியலின் அடியில் கிடக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத, ஒரு குட்டியும் ஈனாத வயதான பெண் பட்டியலின் தலையில் இருக்கும். அந்தக் கிழட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் ஆண் இருக்கிறதோ அங்கே அனுப்ப வேண்டும் என்று பரிந்துரை போகும். அழிவின் விளிம்பிலுள்ள இனம் ஒவ்வொன்றிலும் ஆரோக்கியமான 250 விலங்குகளாவது பூங்கா போன்ற காப்பிடங்களில் இருக்க வேண்டும், அவற்றில் நூறு விலங்குகளாவது இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் ஆணையம் வைத்துக்கொண்ட இலக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூங்கா ஒருங்கிணைக்கும், சில பூங்காக்கள் பங்கேற்கும். பார்வையாளர் கண்ணில் படாத வளாகத்தில் இது நடக்க வேண்டும் என்பதும் விதி.

பரிந்துரை ஒரு வரி. அதை நிறைவேற்றுவது மாதக்கணக்கான வேலை. பெட்டியைக் கூண்டின் வாசலில் பொருத்தி, இரையை அதற்குள்ளேயே வைத்து, விலங்கு தானாக உள்ளே போய்வரப் பழக்குவார்கள். மயக்க ஊசி போட்டு ஏற்றுவது கடைசி வழி. மான் இனங்களில் பிடிக்கும்போது ஏற்படும் பதற்றமே தசைகளைச் சிதைத்துக் கொன்றுவிடும். கோடை வெயில் தவிர்த்து, முடிந்தவரை இரவில் பயணம். பழகிய கீப்பரும் கால்நடை மருத்துவரும் கூடவே போவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு மாத அளவுக்குத் தனிமைப்படுத்தல்; ரத்தம், சாணம், காசநோய்ப் பரிசோதனைகள். இதை வெறும் சடங்காக நினைக்கக்கூடாது என்பதற்கு மயோர்க்காத் தீவின் ஒரு சிறு தேரை சாட்சி. காப்பிடத்தில் வளர்த்துத் தீவுக்குத் திருப்பி அனுப்பிய தேரைகளோடு, உலகெங்கும் தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சையும் போய் இறங்கியது. காப்பிடத்தில் வேறொரு கண்டத்துத் தவளையிடமிருந்து அது தொற்றியிருந்ததாக 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. காப்பாற்றப் போன கைகளே நோயைக் கொண்டுசேர்த்தன.

பதிவேட்டால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. அதைச் சிங்கவால் குரங்கிடம் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளில் மட்டும் வாழும் இந்தக் குரங்கை வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். சோலைமந்தி என்றும் சொல்வோம். இந்தியாவில் இதன் காப்பிட இனப்பெருக்கத்தை ஒருங்கிணைப்பது வண்டலூர். காட்டில் பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுக்க இருக்கும். தாய், மகள், பேத்தி என்று கட்டுக்கோப்பான குடும்பம். வளர்ந்த ஆண்தான் கூட்டத்தைவிட்டுப் போகும். பதிவேட்டின் பார்வையிலோ ஆணும் ஒன்றுதான் பெண்ணும் ஒன்றுதான், இரண்டும் மரபணுப் பொதிகள். உறவு விலக்கக் கணக்குப்படி ஒரு பெண்ணைத் தாயிடமிருந்து பிரித்து அந்நியக் கூட்டத்தில் விட்டால் அது அடிபடும், ஒதுங்கும், குட்டியை வளர்க்கத் தெரியாமல் விட்டுவிடும்.

மேற்கு நாட்டுப் பூங்காக்களில் 1980களில் இந்தக் குரங்கு மளமளவென்று பெருகியது. இடம் போதவில்லை. கருத்தடையும் ஆண் பெண் பிரிப்புமாகப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தினார்கள். காட்டிலோ பெண் குரங்கு ஆறு வயதை ஒட்டித்தான் முதல் குட்டி போடும். அடுத்ததற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அப்படிப்பட்ட விலங்கில் சில ஆண்டு நிறுத்தம் என்பது பெரிய இழப்பு. பிறகு வேண்டும் என்றபோது பல பெண்களால் கருத்தரிக்க முடியவில்லை, கூட்டத்துக்கு வயதாகிவிட்டிருந்தது. ஜெர்மனியின் வெர்னர் கௌமன்ஸும் மைசூரின் மேவா சிங்கும் இதைத் தொடர்ந்து எழுதிவருகிறார்கள்: தனித் தனி விலங்குகளை எண்ணுவதை விட்டுவிட்டு, குட்டிகளோடு கூடிய முழுக் கூட்டத்தை அலகாகக் கொள்ளுங்கள், ஆண்களை மட்டும் இடம் மாற்றுங்கள், கூட்டம் இயல்பாக வளரட்டும். எனக்கு அவர்கள் சொல்வதே சரி என்று படுகிறது. கூட்டு வாழ்க்கை தெரியாத குரங்கை நூறு வைத்திருந்தாலும் அதைச் சோலைமந்தி என்று சொல்ல முடியுமா?

மிகுந்துபோகும் விலங்குகளை என்ன செய்வது என்பதற்கு டென்மார்க்கில் வேறு விடை கண்டார்கள். விலங்குகள் இயல்பாக ஈனட்டும், தாய்மை அவற்றின் வாழ்வின் பகுதி. மிகுந்தவற்றைக் கொன்றுவிடலாம் என்பது அங்குள்ள நிலை. 2014 பிப்ரவரியில் கோபன்ஹேகன் பூங்கா மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியை, அதன் மரபணுக்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன என்று சொல்லிக் கொன்று, பார்வையாளர் முன் உடற்கூறு காட்டி, இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டது. உலகமே கொதித்தது. கருத்தடை செய்து வயதாகவிடும் பூங்காக்கள் யாரிடமும் திட்டு வாங்குவதில்லை.

இதற்கு நேரெதிர்க் கதை சுமத்ரா காண்டாமிருகத்தினுடையது. 1984இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் சுமத்ரா, மலாய்த் தீபகற்பம், சபா ஆகிய இடங்களில் 40 விலங்குகளைப் பிடித்தார்கள். காட்டில் எப்படியும் செத்துவிடும், காப்பிடத்திலாவது பெருகட்டும் என்பது வாதம். பிடித்தவை இந்தோனேசியா, மலேசியா, பிரிட்டன், அமெரிக்கா என்று சிதறின. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் செத்துப்போயின. காப்பிடத்தில் கருவான ஒரு கன்றும் பிறக்கவில்லை. காப்பிடத்தில் இந்த இனம் அதற்கு முன் ஈன்றது 1889இல், கல்கத்தாவின் அலிப்பூர் பூங்காவில். அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராம்பிரம்ம சன்யால் 1892இல் காப்பிட விலங்குகளைப் பராமரிப்பது பற்றி விரிவான கையேடே எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, அத்தனை கருவிகளோடும் முடியாததாக அது ஆகியிருந்தது.

காரணங்கள் ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தன. மற்றக் காண்டாமிருகங்களுக்குப் போடும் உலர்புல்லை இதற்கும் போட்டார்கள். மழைக்காட்டில் தழை தின்னும் விலங்குக்கு அது ஆகவில்லை. சின்சினாட்டியில் இபூ என்ற ஆண் சாகக் கிடந்தபோது அத்தி இனத் தழையை வரவழைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், எழுந்து தின்றது. இவை தனித்து வாழும் விலங்குகள். ஆணையும் பெண்ணையும் தவறான நாளில் சேர்த்தால் ஒன்றையொன்று குத்திக் காயப்படுத்தும். டெரி ராத் என்ற உடலியலாளர் எமி என்ற பெண்ணை அன்றாடம் ஸ்கேன் செய்து கண்டுபிடித்த உண்மை எதிர்பாராதது: ஆணோடு சேர்ந்தால்தான் இந்த இனத்தில் கருமுட்டையே வெளிப்படும். நாளைக் கணித்துச் சேர்த்தார்கள். கரு தங்கியது, கலைந்தது, மறுபடி கலைந்தது. ஐந்து முறை. ஆறாவது முறை ஹார்மோன் மருந்து கொடுத்து, 2001 செப்டம்பர் 13இல் அந்தலாஸ் பிறந்தது. அலிப்பூருக்குப் பின் 112 ஆண்டுகள்.

இங்கே ஒரு நாளிதழ்ச் செய்தி முடிந்திருக்கும். அந்தலாஸுக்குத் தங்கையும் தம்பியும் பிறந்தன, சுசி, ஹராப்பான். அமெரிக்காவில் வேறு உறவில்லாத இணை எதுவும் மிச்சமில்லை. 2013இல் சின்சினாட்டி பூங்கா, அக்கா தம்பி என்று பார்க்காமல் உடன்பிறந்த சுசியையும் ஹராப்பானையும் சேர்க்க முயலப்போவதாக அறிவித்தது. இதுவரை நான் சொன்ன விதி ஒவ்வொன்றையும் மீறும் முடிவு அது, ஆனால் வேறு வழியும் இல்லை. மறுவருடமே சுசி இறந்தது. ஹராப்பானை 2015இல் இந்தோனேசியாவுக்கு அனுப்பினார்கள். 2007இலேயே சுமத்ராவின் வே கம்பாஸுக்குப் போயிருந்த அந்தலாஸ் அங்கே காட்டில் பிறந்த ரது என்ற பெண்ணோடு சேர்ந்து 2012இல் ஓர் ஆண் கன்றுக்குத் தகப்பனானது. மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம் 2019இல் இறந்தது. பிடித்தவற்றை உலகமெங்கும் பங்கு போடாமல், தொடக்கத்திலேயே அவற்றின் காட்டை ஒட்டி ஓரிடத்தில் சேர்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அசாமின் குள்ளப் பன்றிக்கு அப்படித்தான் செய்தார்கள். 1996இல் மானஸிலிருந்து ஆறே விலங்குகளைப் பிடித்து, அதே மாநிலத்தில் குவாஹாத்தி அருகே வளர்த்து, 2008 முதல் அசாமின் புல்வெளிகளிலேயே திருப்பி விட்டுவருகிறார்கள். யாரும் அதைப் பார்க்க வரிசையில் நிற்பதில்லை என்பது ஒரு வசதி.

ஈனுவது எளிதாக இருந்து மற்றதெல்லாம் கடினமான விலங்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் சென்னை முதலைப் பண்ணையைத் தொடங்கியபோது நன்னீர் முதலை தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகியிருந்தது. அரசின் முதலைத் திட்டமும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தென்னாட்டு வெயிலும் போதுமான தீனியும் சேர்ந்து, அங்கிருந்த பெண் முதலைகள் ஆண்டுக்கு இருமுறை முட்டையிட்டன. முதலையில் பாலைத் தீர்மானிப்பது முட்டை அடைபடும் வெப்பநிலை. 31 பாகைக்கும் கீழே என்றால் எல்லாம் பெண், 32.5 அளவில் ஆண். இதைத் துல்லியமாக அளந்த ஆய்வுகளில் முக்கியமானவை அந்த மணலில் நடந்தவை. குஞ்சுகள் பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்குப் போயின. திட்டம் வென்றது.

வென்றபின் என்ன? 1990களின் நடுவில் விடுவிப்பு நின்றது. அணைகளும் ஏரிகளும் நிரம்பின என்பதல்ல. முதலை இருக்கும் குளத்தில் குளிக்கவும் மீன் பிடிக்கவும் மக்கள் இருக்கிறார்கள். முதலையைப் பண்ணையில் வளர்த்துத் தோல் விற்று, அந்தப் பணத்தில் காட்டு முதலையைக் காக்கலாம் என்பது விட்டேக்கரின் பழைய யோசனை. வேறு சில நாடுகளில் அது நடக்கிறது. இந்தியச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. காட்டுக்கும் அனுப்ப முடியாது, சந்தைக்கும் அனுப்ப முடியாது என்ற நிலையில் முட்டைகளை அழிப்பது பண்ணையின் ஆண்டு வேலையாயிற்று. அரை நூற்றாண்டு வாழக்கூடிய விலங்குகள் தொட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடைசியில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உருவான தனியார் மையத்துக்கு அனுப்ப ஆணையம் அனுமதித்தது. அதை எதிர்த்த பொதுநல வழக்கை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காட்டுக்காக வளர்த்தவை ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு தொட்டிக்குப் போனதைப் பாதுகாப்பின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1976இன் கேள்விக்குப் பண்ணை நல்ல விடை கொடுத்தது. 1996இன் கேள்வியை அதனிடம் யாரும் கேட்டுவைக்கவில்லை, அதுதான் குறை.

காட்டுக்குத் திரும்பிவிட்டால் மட்டும் முடிந்துவிடுமா என்றால் ஓமனைப் பார்க்கலாம். அரேபிய ஓரிக்ஸ் மானின் கடைசிக் காட்டு விலங்கு 1972இல் சுடப்பட்டது. அதற்கு முன்பே 1962இல் சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் சேர்த்திருந்தார்கள். அவற்றின் வாரிசுகளை 1982இல் ஓமன் பாலைவனத்தில் விட்டார்கள். 1996இல் சுமார் 450. பிறகு ஆட்கள் அவற்றை உயிரோடு பிடிக்கத் தொடங்கினார்கள், தனியார் விலங்குத் தொகுப்புகளுக்கு விற்க. 2007இல் 65தான் மிச்சம். அரசு சரணாலயத்தின் பரப்பைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியது. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. பூங்காவிலிருந்து காட்டுக்கு வந்ததைக் காட்டிலிருந்து வேலிக்குள் திரும்பக் கொண்டுபோனது, ஹாகன்பெக் காலத்து ஆசையேதான். வளைகுடாவின் மற்ற இடங்களில் விட்டவை தழைத்ததால் இனம் பிழைத்தது.

நம் பாறுக் கழுகுகளின் நிலை இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் கொல்பவருக்குக் கொல்லும் எண்ணமே இல்லை. 1990களின் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறு 2007க்குள் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போடும் டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் உடல் வழியாகப் பாறின் சிறுநீரகத்தை அழிக்கிறது என்று 2004இல் தெரிந்தது. அதே ஆண்டு ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளுக்கான இனப்பெருக்க மையம் அமைந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை, ஈன ஐந்து வயதாவது ஆக வேண்டும். முதல் முட்டையை எடுத்து அடைகாப்புக் கருவியில் வைத்து, பறவையை இன்னொன்று இடவைத்துக் குஞ்சுகளைப் பெருக்கினார்கள். மையம் தன் வேலையைச் செவ்வனே செய்தது. குஞ்சுகள் வளர்ந்து கூண்டு நிரம்பியும் வெளியே விடவில்லை. முதல் எட்டு வெண்முதுகுப் பாறுகளை வானில் விட்டது 2020இல்தான், அதுவும் உடலில் செயற்கைக்கோள் கருவி மாட்டி.

பதினாறு ஆண்டு எதற்காகக் காத்திருந்தார்கள்? மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்குக்கு 2006இலேயே தடை வந்தது. மனிதர்களுக்கான அதே மருந்து பெரிய குப்பிகளில் கடையில் கிடைத்தது. அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். மாற்றாக வந்த மருந்துகளில் கீட்டோபுரோஃபெனும் பாறுக்கு நஞ்சு. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் தடை வர 2023 ஆயிற்று. நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே பாறுகளின் வீழ்ச்சிக்கு அது போதும் என்பது கணக்கு. பாதுகாப்பான மெலாக்சிகாம் கைக்கெட்டும் விலையில் இருக்கிறது. மற்றதைக் கேட்டுப் பழகியவர்கள் மற்றதையே கேட்கிறார்கள். அதனால் பாறுகளுக்காக வேலை செய்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மையத்தின் கூண்டோடு தொடர்பே இல்லை. அவர்கள் செத்த மாடுகளின் ஈரலிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஊர் ஊராக மருந்துக் கடைகளுக்குப் போய், வீட்டில் மாடு படுத்துவிட்டது, ஊசிமருந்து வேண்டும் என்று கேட்டு, கடைக்காரர் எதை எடுத்து நீட்டுகிறார் என்று குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த பாறுகளை எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டில் விடுவது என்று முடிவுசெய்ய அந்தக் குறிப்புகள் வேண்டும்.